கிருஷ்ணகிரி பழைய கார் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் அனுப்பப்படும். தபால் செலவு அவர்களின் சந்தா பாக்கியோடு சேர்க்கப்படும்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செயற்குழு ஏழு முறை அழைக்கப்பட்டது. போதிய வருகையின்றி மூன்று கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஆயுதபூஜை வழக்கம்போல் நடந்தது. ஒகேனக்கல் பயணத்துக்கு ஐந்து கார்கள் புறப்பட்டன; பென்னாகரத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்ற ஒன்றைத் தவிர மற்றவை போய்ச் சேர்ந்தன.

இனி, சங்கத்துக்கு நன்கொடையாக வந்த 1972-ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசடர் காரின் உள்வேலை, அதாவது சீட்டு முதலானவற்றைப் புதுப்பித்த வேலை குறித்துச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த வேலைக்குச் சங்கப் பணம் செலவானது, அதைச் செய்தவன் நான், அதைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் எழுதியவர்களில் ஒருவர்கூட ஷெட் பக்கம் வந்ததில்லை என்பவை அதற்குக் காரணங்கள்.

பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, உடைப்புக்கு வந்த புதுக் காரின் தனித்தனி சீட்டுகளைப் பொருத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை நான் ஏற்கவில்லை. 50 ஆண்டு கடந்த, முதல் வடிவம் கெடாத கார்களுக்கெனத் தனிப் பதிவு முறையை 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். நம் கார் 2022-லேயே அந்த வயதைத் தாண்டிவிட்டது. அப்படிப் பதிந்த காரை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். அன்றாடம் ஓட்ட அந்தக் காரை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். சட்டம் சீட்டைப் பற்றிப் பேசுகிறதோ இல்லையோ, மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையிலிருந்து வந்த காருக்குள் நேற்று வந்த காரின் சீட்டு இருந்தால் பார்க்கிறவர் சிரிப்பார்.

பழைய சீட்டுக்கே புது உறையை வெளியில் கொடுத்துத் தைக்கலாமென்று நகரத்துக் குஷன் கடை ஒன்றில் கேட்டோம். அவர்கள் சொன்ன தொகை நம் ஓராண்டுச் சந்தா வரவைவிட அதிகம், அதுவும் எல்லோரும் சந்தா கட்டியிருந்தால் வரக்கூடிய வரவு. ஆகவே நானே தைப்பதென முடிவு செய்தேன்.

பின்சீட்டைத் தூக்கியபோது அடியில் எலி கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார், இலவம்பஞ்சு, பாதி தின்ற திருமணப் பத்திரிகை ஒன்று, அவற்றுக்கு நடுவே இரண்டு 25 பைசா நாணயங்கள். தரைத்தகட்டில் துரு ஏறியிருந்ததால், தையலைத் தொடும் முன்பே தகட்டைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க ஒரு மாதம் போயிற்று. இந்த ஒரு மாதத்தைத்தான் 'செயலாளர் ஷெட்டில் பொழுதுபோக்கினார்' என்று ஓர் உறுப்பினர் வர்ணித்திருந்தார்.

முதல் உறை வீணானதை மறைக்க விரும்பவில்லை. பழைய ரெக்ஸினைத் தையல் பிரித்து, அதையே மாதிரியாக வைத்துப் புதியதை வெட்டினேன். ஐம்பது ஆண்டு உட்கார்ந்து உட்கார்ந்து அந்த ரெக்ஸின் இழுபட்டுப் பெருத்திருந்தது. அதே அளவில் வெட்டியது பொருத்தியபோது தொளதொளவென்று சுருக்கம் விழுந்து நின்றது. காவேரிப்பட்டினத்தில் குஷன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, "பழசை அளவெடுக்காதீங்க சார், ஸ்பிரிங் கூட்டை அளவெடுங்க, அதுலயும் அரை இஞ்ச் குறைச்சு வெட்டுங்க" என்றார். பைப்பிங் எனப்படும் உருண்டையான ஓரத்தையல் வரும் இடத்தில் ரெக்ஸின் நான்கு மடிப்பாகிவிடுவதால் வீட்டுத் தையல் மிஷின் திணறியது. அவர் தம் பழைய மிஷினையே கொடுத்து உதவினார். 18-ஆம் எண் ஊசி, நைலான் நூல், நீளமான தையல். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம்போல் துளை விழுந்து ரெக்ஸின் அதே கோட்டில் கிழியும் என்பதையும் அவரிடமே கற்றேன்.

இரண்டாம் உறையை மே மாத வெயிலில் அரை மணி நேரம் விரித்து வைத்து, இளகியதும் முன்விளிம்பின் நடுவிலிருந்து இரு மூலைகளுக்கும் இழுத்துக் கம்பி வளையங்களால் கட்டினேன். மெத்தைக்கு முழுவதும் ஃபோம் போடச் சிலர் சொன்னார்கள். அப்படிப் போட்டால் சீட் உயர்ந்து தலை கூரையில் முட்டும். சணல் துணி, அதன்மேல் நார், மேலே ஒரே ஒரு அங்குல ஃபோம் என்று போட்டிருக்கிறேன். உட்கார்ந்து பார்த்துவிட்டுக் குறை சொல்லலாம். டோர் பேடுகளின், அதாவது கதவுகளின் உட்புற மூடிகளின், அட்டை மழைநீரில் ஊறிப் போயிருந்ததால், புது அட்டை வெட்டி, பின்னால் பாலிதீன் தாள் ஒட்டிப் பொருத்தியிருக்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, தொடக்க இருப்போடு ஒப்பிட்டால் கையிருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீணான ரெக்ஸினின் விலையை நானே ஏற்றுக்கொண்டேன். மற்ற ரசீதுகள் பொருளாளரிடம் ஒரு கவரில் உள்ளன. அவர் ஊரிலிருக்கும் நாட்களில் பார்க்கலாம். 31 உறுப்பினர்களில் 13 பேர் மட்டுமே 600 ரூபாய் ஆண்டுச் சந்தாவைச் செலுத்தியுள்ளனர். இரண்டாண்டாகப் பாக்கி வைத்திருக்கும் ஆறு பேரின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், ஷெட்டுக்கு வாடகை வாங்காத உறுப்பினருக்கும், மிஷின் தந்த பெரியவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் மீதமிருப்பது கூரைத்துணி. அதைத் தாங்கும் வளைகம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு என்பதால் கழற்றும்போதே எண் எழுதி வைத்துள்ளேன். பசை தடவிப் பத்து நிமிடம் காயவிட்டு, துணியை முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டும். இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு ஷெட் திறந்திருக்கும். துணியைப் பிடிக்க வருகிறவர்களுக்குக் காபி உண்டு. சந்தா பாக்கியையும் அங்கேயே கட்டலாம், ரசீதுப் புத்தகம் காரின் முன்சீட்டில் வைத்திருப்பேன்.

செயலாளர்