ஆட்கொணர்வு மனு: மதுரைக்கா, சென்னைக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா உணவு நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். ஊரில் அவருடைய அண்ணன் மேல் குண்டாஸ், அதாவது விசாரணை இல்லாமலே ஆளை அடைத்து வைக்கும் குண்டர் தடுப்புச் சட்டம், போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள். குடும்பம் சிவகங்கைப் பக்கம், அதனால் கிட்டத்தில் இருக்கிற, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் மனு) போட்டிருக்கிறார்கள், வக்கீலும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். ஐந்து வாரம் கழித்து, இது இங்கே வராது, சென்னையில் போடுங்கள் என்று காகிதம் திரும்பி வந்துவிட்டது. குண்டாஸில் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம்தான். அதில் ஐந்து வாரம் இப்படிப் போனால் எப்படி?

வாட்ஸ்அப்பில் வந்திருந்த தடுப்புக் காவல் உத்தரவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறப்பித்தவர் சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர். கொஞ்சம் கீழே, அடைக்க வேண்டிய இடம் புழல் மத்திய சிறை. பதில் முழுக்க அந்த இரண்டு வரியில் இருக்கிறது, டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். "மதுரைதானேண்ணே பக்கம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவுக்குப் பக்கம்தான். உத்தரவு போட்டவரும் சிறையும் இருப்பது சென்னையிலாச்சே.

நமக்கு இது சட்டென்று உறைக்காது. சிங்கப்பூரில் இருப்பது ஒரே உயர் நீதிமன்றம், ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று முறையிட்டால் அரசமைப்பின் 9(2) பிரிவின்படி அதுதான் விசாரிக்கும், ஆள் சாங்கிச் சிறையில் இருந்தாலும் வேறெங்கே இருந்தாலும் ஏறுகிற படி ஒன்றுதான். தமிழ்நாட்டில் 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து எந்த மாவட்டம் எங்கே என்று பார்த்துத்தான் போக வேண்டும்.

இதில் பெரிய வக்கீல்களே சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹோசே பதில்லா என்பவரை 2002இல் சிகாகோவில் பிடித்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள், பிறகு திடீரென்று தெற்குக் கரோலினாவில் இருக்கும் கடற்படைச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டே நாளில் அவருடைய வக்கீல் நியூயார்க்கில் மனு போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2004 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு வந்தது: கோர்ட் தப்பு, ஆள் இருக்கும் தெற்குக் கரோலினாவில் அந்தச் சிறை அதிகாரியை எதிர்மனுதாரராகக் காட்டிப் போட்டிருக்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து இதைச் சொன்னார்கள்! அங்கே சிறை இருக்கும் இடம்தான் கணக்கு. இந்தியாவில் அரசமைப்பின் 226ஆம் பிரிவு கொஞ்சம் தாராளம், வழக்குக்கான காரணம் ஓரளவு எழுந்த இடத்துக்கும் அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் குடும்பம் அங்கே குடியிருக்கிறது என்பது மட்டும் காரணமாகிவிடாது.

ஊர்ச் செய்திப் பக்கத்தில் குண்டாஸ் கைதுகளைப் போடுகிறீர்கள். அப்படியே ஒரு வழக்கறிஞரை வைத்து இந்த விஷயத்தையும் ஒரு பத்தி எழுதச் சொன்னால், இங்கே டார்மிட்டரியில் உட்கார்ந்து ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு உதவும்.

இப்போது சென்னையில் புது மனு போட்டு எண்ணும் கிடைத்துவிட்டது. நேற்று அந்தத் தம்பி பதறிப்போய் ஒரு செய்தி அனுப்பினார், அண்ணனை வேலூருக்கு மாற்றப்போவதாக யாரோ சொன்னார்களாம். வேலூரும் சென்னை எல்லைக்குள்தான் வரும், மனு அங்கேயே நடக்கும், பயப்படாதீர்கள் என்று பதில் போட்டேன்.

ஒரு வாசகர், ஈசூன்