10 மி.மீ. ஸ்பேசரால் பின்பக்கம் 15 மி.மீ. ஏறிய கார்: தீர்வு கேட்டுப் புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாழ்த்திய காரின் உயரத்தைச் சற்றே ஏற்றுவதற்காக உங்களிடம் வாங்கிய ஸ்பிரிங் ஸ்பேசர் (உயரம் கூட்ட இடையில் வைக்கும் தடிப்பு வளையம்) செட் குறித்து எழுதுகிறேன். போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எழுத்தில் வைக்கிறேன்.

உங்கள் அட்டவணையில் முன்னும் பின்னும் 10 மி.மீ. உயரும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் ஸ்பேசரின் தடிமன் ஏறக்குறைய அப்படியே உயரமாகும். பின்பக்கம் அப்படியல்ல. அங்கே ஸ்பிரிங், சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் மேல், சக்கரத்துக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஆர்ம் பாடியோடு சேரும் ரப்பர் மூட்டான புஷ்ஷிலிருந்து ஸ்பிரிங் மையம் 280 மி.மீ., சக்கர மையம் 430 மி.மீ. கணக்குப் போட்டால் 10 மி.மீ. ஸ்பேசருக்குச் சக்கரத்தில் 15 மி.மீ.க்கு மேல் ஏறும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தேன், அதேதான் வந்தது. கார் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது, ஹெட்லைட் வெளிச்சம் கிட்டத்திலேயே விழுகிறது. பின்பக்கத்துக்கு வேண்டியது 6.5 மி.மீ. ஸ்பேசர். பொருளைத் தயாரிக்கும் நீங்கள் இதை அறியாமல் இருக்க வழியில்லை.

முன்பக்கக் குறை இதைவிட ஆபத்தானது. ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கும் டாப் மவுண்டில், நட்டு மாட்டும் 8 மி.மீ. விட்ட ஸ்டட் (மரையாணி) வெளியே நிற்பது 18 மி.மீ.தான்; அதில் ஸ்பேசருக்கு 10, பாடித் தகட்டுக்கு 3 போனால் மிச்சம் 5. நட்டின் உயரமே 6.5 மி.மீ. நட்டுக்குள் மரை முழுதாகப் பிடிக்கவில்லை என்று சொன்னபோது உங்கள் பிரதிநிதி, "மரைப் பசை தடவி முறுக்கச் சொல்லுங்க, இதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியும், உங்களுக்கு எதுக்கு?" என்றார். ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடித்து வைத்திருக்கும் நட்டுகளைப் பற்றி ஒரு நிறுவனத்தின் ஆள் பேசும் பேச்சா இது? பசை நட்டு கழலாமல் காக்கும்; இல்லாத மரையை உண்டாக்காது. மேலே விளக்கம் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தார். அந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கும், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

அவருக்கு மேலதிகாரி என்று பேசியவர் சொன்ன வழி, ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் துண்டு செருகுவது. அது ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் கட்டிவிடும். வேலை செய்யும் சுற்றுகள் 6-இலிருந்து 5 ஆனால் ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும். ரப்பரின் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து துருப்பிடித்து, ஸ்பிரிங் அங்கேயே முறியக்கூடும்.

பிறகு, காரை நேரில் பார்க்க வேண்டும் என்று உங்கள் சர்வீஸ் மையத்துக்கு வரவழைத்தீர்கள். அந்த அலைச்சலை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. டயர் காற்றைப் பார்க்காமல், சரிவான தரையில், தரையிலிருந்து ஃபெண்டருக்கு டேப் பிடித்தார்கள். பின்பக்க ஸ்பேசரைக் கழற்றி மாட்டிவிட்டு, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கினார்கள். கார் சக்கரத்தின் மேல் நின்ற பிறகுதான் அதை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு காரை இன்னும் தூக்கும், சீக்கிரமே கிழியும். அப்படித்தான் தூக்கி நிற்கிறது. கேட்டால் "ஓட ஓட செட்டாகிடும்" என்கிறார்கள்.

பின்பக்க ஸ்பேசரிலும் ஒரு குறை, சொல்ல விட்டுப்போயிற்று: மேல்பக்கம் தட்டையாக இருக்கிறது, ஸ்பிரிங் முனை உட்காரப் படி இல்லை. ஸ்பிரிங் சுழன்று ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொக்' என்கிறது. உயரம் மாறியதால் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறிப்போய் டயர்களின் உள்விளிம்பு தேய்கிறது. உங்களால் இந்தக் காரின் சஸ்பென்ஷன் மொத்தமும் பாழாகிவிட்டது, ஓட்டுவதே பயமாகிவிட்டது.

சண்டை போடுவது என் நோக்கமல்ல. நான் கேட்பது: முனைக்குப் படி வைத்த 6.5 மி.மீ. பின்பக்க ஸ்பேசர்கள்; முன்பக்கத்துக்கு, ஸ்பேசர், தகடு, நட்டு போக இரண்டு மரையாவது வெளியே தெரியும்படி குறைந்தது 22 மி.மீ. வெளியே நிற்கும் ஸ்டட்டுகள்; ஆர்ம் போல்ட்டைத் தளர்த்திச் சரியாக இறுக்குவது, வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் சரிசெய்வது ஆகியவற்றின் செலவு; போனைத் துண்டித்த அந்தப் பிரதிநிதியின் எழுத்துப்பூர்வமான மன்னிப்பு. அட்டவணையையும் திருத்துங்கள், அடுத்து வாங்குபவராவது தப்பட்டும்.

7 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் ரசீது, அளவுகள், படங்களோடு நுகர்வோர் நீதிமன்றம் போவேன். அங்கே பணத்தோடு மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்பேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாமல் நீங்களே தீர்த்துவைப்பீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: மறுபடியும் காரைக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். முன்பக்க நட்டுகளுக்கு முழு மரை கிடைக்கும்வரை இந்தக் கார் நின்ற இடத்தைவிட்டு நகராது.