பாட்டிகளும் மைக் பிடிச்சு பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நகர மன்றக் கலந்துரையாடல்ல குடியிருப்பாளர்கள் குறை சொன்னதப் பத்தி நம்ம பேப்பர்ல வந்த செய்தியப் படிச்சேன், ரொம்ப சந்தோஷம், ஆனா பேசுறவங்க எல்லாம் இங்கிலீஷ் சரளமா வர்றவங்களாவே இருக்காங்க. 1988 சட்டப்படி நகர மன்றம் வந்ததே அடுக்குமாடி புளோக்கோட லிஃப்ட், விளக்கு, நடைபாதை இதெல்லாம் நாம ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்த எம்.பி.க்கள், குடியிருப்பாளர்கள் கையில இருக்கணும்னுதானே, மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம் எல்லாருந்தான் கட்டுறோம், தமிழும் இங்க சிங்கப்பூர்ல 4 அதிகாரத்துவ மொழியில ஒண்ணு.

எங்க புளோக்ல ஒரு பாட்டி, தினம் காலையில மார்க்கெட்டுக்கு நடக்குறவங்க, மழை பேஞ்சா லிஃப்ட் வாசல்ல எங்க தண்ணி நிக்கும், எந்த இடம் வழுக்கும்னு அவங்களுக்குத்தான் அத்துபடி, ஒருதடவ விழுந்து கை வீங்கியும் போச்சு. கூட்டத்துக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன், ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க, மைக் பக்கத்துல வந்தப்போ தலைய ஆட்டி வேணாம்னுட்டாங்க, வீட்டுக்கு வர்ற வழியிலதான் எல்லாத்தையும் என்கிட்ட சொன்னாங்க. மனசு கேக்கல.

அதனால ஒவ்வொரு கூட்டத்துலயும் தமிழ் தெரிஞ்ச ஒரு தொண்டூழியர் இருக்கணும், பெரியவங்களுக்கு முதல்ல பேச நேரம் குடுக்கணும், என்ன முடிவாச்சுன்னு லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டுல தமிழ்லயும் ஒட்டணும்.

ஒரு வாசகி, சிங்கப்பூர்