இலங்கைக்கு மறுமுறை போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது. மழைக்காலத்தில் நின்றுபோய், 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. அதிலிருந்து டெல்டாவில் இலங்கைப் பயணம் பற்றிய பேச்சு கூடிவிட்டது. முதல் முறை போகிறவர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. நல்லூர், கண்டி, நுவரெலியா, கொழும்பில் துணிமணி என்று அவர்களே முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டாம் முறை போகிறவர்களுக்கே இந்தக் கடிதம். அங்குள்ள பழைய பௌத்தத் தலங்களில் சோழநாட்டுக்காரர் தேடிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. சுற்றுலா வண்டிகள் அங்கே நிற்பதில்லை.

முதலில் கப்பல். 60 கடல் மைல், அதாவது சுமார் 110 கி.மீ. நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். காற்று கூடினால் ரத்து செய்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பெரும்பாலும் ஓடுவதில்லை. இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பும் நாளன்றே இரவு நாகையிலிருந்து ரயிலுக்குச் சீட்டு எடுத்து வைத்திருப்பார்கள், கப்பல் ஒரு நாள் தள்ளிப்போகும். ஆகவே திரும்பும் பக்கம் இரண்டு நாள் சும்மா விட்டுவைக்க வேண்டும். அந்த இரண்டு நாளையும் சேர்த்து விசாவில் நாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

கடவுச்சீட்டை விடுதி அறையில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அநுராதபுரம், பொலன்னறுவை நுழைவுச்சீட்டில் சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குப் பாதிக் கட்டணம். அதைக் கேட்க அசல் கையில் வேண்டும். சீட்டு ஒரு நாளுக்குத்தான், அதையும் பல இடங்களில் கேட்பார்கள். மத்தியானம் வாங்கினால் பாதிப் பணம் வீண்.

கப்பல் ஓடும் மாதங்களில்தான் அந்தப் பக்கம் வெயில் கொளுத்தும். தூபிகளின் மேடைக்குச் செருப்போ தொப்பியோ கூடாது. தஞ்சைப் பெரிய கோயில் பிரகாரத்தில் மத்தியானம் நடந்து பழகிய காலுக்குக்கூட அந்தக் கருங்கல் மேடைகள் தாங்காது. தடித்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். காலுறையோடு நடப்பதை அங்கே தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தோளும் முழங்காலும் மூடிய வெள்ளைத் துணி நல்லது. வேட்டி சட்டை என்றால் கேள்வியே இல்லை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பது பெருங்குற்றமாகப் பார்க்கப்படும். சிலையைப் பார்த்தபடி நிற்பவரை எடுக்கலாம்.

அநுராதபுரத்தை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்ரீமகாபோதி என்ற புனித அரசமரம், அங்கிருந்து நடந்தே ருவன்வெலிசாய, தூபாராமம் தூபிகள். வெயில் ஏறுமுன் ஜேதவனம். உச்சிப்பொழுதை அருங்காட்சியகத்தில் கழித்துவிட்டு, மூன்றரைக்கு மேல் சைக்கிளிலோ ஓட்டோவிலோ (அங்கே ஆட்டோவை அப்படித்தான் எழுதுகிறார்கள்) அபயகிரிப் பக்கம். மறுநாள் மிகிந்தலை, 1840 படி. பௌர்ணமியைப் போயா என்பார்கள், அன்று விடுமுறை. அதிலும் ஜூன் மாதப் பொசன் போயாவில் மிகிந்தலையில் கால் வைக்க இடமிருக்காது. நாள் குறிக்கும்போதே நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜேதவனத்தின் முன் நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். கட்டியபோது அதன் உயரம் சுமார் 122 மீட்டர். மகாசேனன் என்ற மன்னன் அந்த விகாரையை எழுப்பியதற்குப் பின்னால் சங்கமித்திரர் என்ற பிக்கு இருந்தார் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். அவர் சோழநாட்டவர். அநுராதபுரத்தின் பழைய பௌத்த மடமான மகாவிகாரையோடு அவர் போட்ட சண்டையை அந்த நூல் மன்னிக்கவே இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. 5-ம் நூற்றாண்டில் உறையூர்க்காரரான புத்ததத்தர் அதே மகாவிகாரையில் படித்துத் திரும்பி, காவிரிப்பூம்பட்டினத்து மடத்திலும் பூதமங்கலத்திலும் இருந்து பாலியில் நூல்கள் எழுதினார். அபயகிரிப் பகுதியில் ‘தமெட’ இல்லத்தார், அதாவது தமிழ் வணிகர், கூடிய மேடையின் பிராமிக் கல்வெட்டு உண்டு. யார் யாருக்கு எந்த இருக்கை என்று அதில் பெயரோடு வெட்டியிருக்கிறார்கள். காரவன் என்ற நாவிகனுக்கும் (கப்பலோட்டி) அதில் ஓர் இருக்கை உண்டு. நாகைக்காரர் படிக்க வேண்டிய கல் அது.

அநுராதபுரத்திலிருந்து திருகோணமலை போகும் ஏ-12 சாலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். திருகோணமலையை நெருங்கும்போது பெரியகுளம் பக்கம் பிரிந்து போனால் வெல்கம் விகாரை. சோழர் அநுராதபுரத்தை அழித்தார்கள் என்றுதான் பள்ளிப் பாடத்தில் அங்கே படிக்கிறார்கள். அது பொய்யுமல்ல. ஆனால் அதே சோழர் காலத்தில் இந்த விகாரைக்கு ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்று பெயர். பள்ளி என்றால் இங்கே பௌத்த மடம். இராசராசன், இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்த இடம். விளக்கெரிக்கப் பசுவும் காசும் கொடுத்த கணக்கை அவற்றில் காணலாம். நம்மூர்க் கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்குச் ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு’ விட்ட கணக்கைப் படித்தவருக்கு அந்த நடை அந்நியமாகவே இராது. விளக்கு மட்டும் புத்தருக்கு.

இனி நாகைக்கு வருவோம். கடாரத்து அரசன் இங்கே எழுப்பிய சூடாமணி விகாரைக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததை 21 ஏடுகள் கொண்ட பெரிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேட்டில் நாகைப் பள்ளிகள் இரண்டின் பெயர் வருகிறது. ஒன்று இராசேந்திர சோழப் பெரும்பள்ளி, மற்றது இராசராசப் பெரும்பள்ளி. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பெயர்.

பொலன்னறுவையில் இரண்டு இடம் போதும், கல்விகாரையை எப்படியும் காட்டிவிடுவார்கள். ஒன்று, இரண்டாம் எண் சிவாலயம். சோழ அரசியின் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரம். முழுக்கக் கல்கட்டடம், அளவு சிறியது, சோழநாட்டுக் கிராமத்துக் கோயிலைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தாற்போல் நிற்கும். மற்றது, தலதா மளுவ என்ற பழைய கோயில் வளாகத்தில் அடதாகே கட்டடத்தை ஒட்டி நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டு. சோழரை 1070-ல் வெளியேற்றியவன் சிங்கள மன்னன் விசயபாகு. அவன் புத்தரின் பல்லுக்கு எழுப்பிய மாளிகையைக் காக்கும் பொறுப்பு தமிழ் வேளைக்காரப் படையிடம் வந்ததைத் தமிழில் சொல்கிறது இந்தக் கல். அந்த மாளிகைக்கு இவர்கள் வைத்த பெயர் ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’.

இந்தக் கல்லின் முன் வந்து நின்றுவிட்டு, ‘ஒன்றும் புரியவில்லை’ என்று ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடுபவர்களே அதிகம். படிக்க வழி இருக்கிறது. அந்தக் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. ‘பெருமபளளி’ என்று இருந்தால் பெரும்பள்ளி என்று கொள்ள வேண்டும். எகரம் ஏகாரத்துக்கும், ஒகரம் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம், ஆகவே ‘ராரா’ என்று தடுமாறினால் மாற்றிப் படித்துப் பாருங்கள். வடசொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும். அந்த இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிப் போனால் அடுத்து தமிழ் வந்துவிடும். முதலில் ‘பள்ளி’, ‘வேளைக்கா’ போன்ற தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து இரு பக்கமும் போவதுதான் சுலபம்.

வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து மறைந்துவிடும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் வெறும் சாம்பல் பலகை. சின்ன டார்ச் ஒன்றைக் கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின் ஓரத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். ஒருவர் பிடிக்க, மற்றவர் கைப்பேசியில் எடுக்க வேண்டும். நம்மூர்க் கோயில்களில் செய்கிற மாதிரி மாவு பூசுவது, தண்ணீர் தெளிப்பது, சாக்கட்டியால் எழுதுவது எதுவும் கூடாது. தொல்லியல் சட்டம் அங்கே கடுமை. இதே ஏ-12 சாலையில் வரும் ஹொரவப்பொத்தானை அருகே 2019 ஜனவரியில் தூபிமேல் ஏறிப் படமெடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானார்கள்.

ஹபரணை வழியில் பொழுது சாய்ந்தபின் வண்டி எடுக்காதீர்கள், காட்டுயானை சாலைக்கு வரும். வாழைப்பழப் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் பொலன்னறுவைக் குரங்குகள் பறித்துக்கொள்ளும்.

நாகையில் இறங்கியபின் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் சங்கடம். விகாரையின் எச்சம் எனப்பட்ட, கப்பல்காரர்களுக்கு அடையாளமாக நின்ற செங்கல் கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் தோண்டக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கப்பலேறும் இடத்தில் சூடாமணி விகாரை பற்றி ஒரு தகவல் பலகையும், பயணிகளுக்கு ஒரு பக்க வரைபடமும் வைக்கச் சுற்றுலாத் துறையைத் தங்கள் நாளிதழ் கேட்டால் நல்லது. வரைபடத்தில் வெல்கம் விகாரையைக் குறிக்கும்போது ‘நாதனார் கோயில்’ என்ற தமிழ்ப் பெயரையும் பக்கத்தில் போட வேண்டும். திருகோணமலை ஓட்டோக்காரர் சிலருக்கு ஒரு பெயரும் சிலருக்கு மற்றதும்தான் தெரியும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
நாகப்பட்டினம்