ஒரு பிள்ளைக்கு மட்டும் பூசினால் சிரங்கு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் தோல் நோய்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் வேர்க்குரு, தேமல், படர்தாமரை எல்லாம் விவரமாக இருந்தன. சொறி சிரங்கை மட்டும் ‘சுத்தம் தேவை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சிரங்கு, தோலுக்குள் குடைந்து முட்டையிடும் நுண்ணிய பூச்சியால் வருவது. தினமும் தாமிரபரணியில் முங்கிக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி என்று பொரிப்பொரியாகக் கிளம்பும். ராத்திரியில் அரிப்பு தூங்கவிடாது. நம்மூரில் உடனே ‘உடம்புச் சூடு’ என்று கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிடுவார்கள். கருவாடு என்ன பாவம் செய்தது? பிள்ளை என்னவோ அக்காவோடு ஒரே போர்வைக்குள்தான் படுத்திருக்கும்.

முதல் தடவை பூச்சி தொற்றினால் அரிப்பு தொடங்கவே 2 முதல் 6 வாரம் ஆகலாம். ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்கிற ஆச்சியிடமும் அது இருக்கலாம். அதனால் டாக்டர் பெர்மெத்ரின் களிம்பு எழுதிக்கொடுத்தால் வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் பூசிக்கொள்ள வேண்டும். கழுத்துக்குக் கீழே, நக இடுக்குகூட விடாமல். கைக்குழந்தைக்கு எப்படி என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் குளித்துவிட்டு, உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். வெயிலுக்கா இங்கே பஞ்சம்! ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பூச வேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். மருந்து கேட்கவில்லை என்று மேலே மேலே அப்ப வேண்டாம்.

அப்புறம், மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப்’ கேட்டு வாங்குகிற பழக்கம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும், பூச்சி அடங்காது. படர்தாமரையில் அதைத் தடவினால் நோயின் உருவமே மாறி, டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. கடைகளில் யார் கேட்கிறார்கள்?

ஜூனில் பள்ளி திறக்கும்போது விடுதிக் காப்பாளர்களுக்கும் சேர்த்து ஒரு கட்டுரை போடுங்கள். சிரங்கு வந்த பிள்ளையை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே அறையில் படுக்கிற மற்றவர்களுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால், திரும்பி வந்ததும் அதற்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

– ஓய்வுபெற்ற செவிலியர், கல்லிடைக்குறிச்சி