தண்ணீரை இறைத்து வெளியே விடுகிற ஊர்

கம்பம்,
தை 14

அன்புள்ள மாப்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டிய அன்று சாயங்காலமே உன் தங்கச்சி கம்பராயப் பெருமாளுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். உன் வீட்டில் தங்கச்சிக்கும் பேத்திக்கும் எங்கள் அன்பைச் சொல்.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. பொங்கல் கழிந்து நாங்கள் இரண்டு பேரும் மலைக்கு அந்தப் பக்கம் போய்வந்தோம். ஒன்பதாவது படிக்கும்போது வாய்க்கால் மதகில் உட்கார்ந்துகொண்டு, “இந்தத் தண்ணி வர்ற மலைக்கு அந்தாண்ட என்னடா இருக்கு?” என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். ஏலக்காய்த் தோட்டம், தேயிலை என்று நான் ஏதோ சொல்வேன். “அதுக்கும் அந்தாண்ட?” என்பாய். இத்தனை வருஷம் கழித்து அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

குமுளி போய், அங்கிருந்து கோட்டயத்துக்குப் பஸ். குமுளிக்கு முன்னால் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது அந்த நாலு பெரிய குழாயும் எப்போதும்போலக் கண்ணில் பட்டன. 1895-இல் பெரியாற்றில் அணை கட்டி, மலையைக் குடைந்து இன்ஜினியர் பென்னிகுயிக் திருப்பிவிட்ட தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கி வந்து நமக்குச் சோறு போடுகிறது. எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் அவர் படம் இன்னும் இருக்கிறது. வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம் வரை தேயிலையும் குளிரும். அப்புறம் முண்டக்கயம் பக்கம் இறங்க இறங்க எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம், புழுக்கம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ராத்திரி கோட்டயத்தில் தங்கினோம்.

மறுநாள் ஒரே நாளில் ஒரு சுற்று. கோட்டயத்திலிருந்து ஆலப்புழைக்குப் படகு, அங்கிருந்து முகம்மாவுக்குப் பஸ், முகம்மாவிலிருந்து காயலை, அதாவது கடலை ஒட்டிய பெரிய நீர்ப்பரப்பை, குறுக்கே கடந்து குமரகத்துக்கு மறுபடி படகு, குமரகத்திலிருந்து திரும்பக் கோட்டயத்துக்குப் பஸ். எல்லாமே அரசாங்கப் படகும் லைன் பஸ்ஸும்தான். ஆயிரக்கணக்கில் வாங்குகிற ஹவுஸ்போட் பக்கம் நாங்கள் போகவில்லை. காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் ஏறினால் தண்ணீரைப் பார்க்கலாம், அந்தத் தண்ணீர்மேல் வாழ்கிறவர்களைப் பார்க்க முடியாது.

கோடிமதை என்கிற இடத்தில் படகுத்துறை. வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. படகு அதைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னாலேயே மறுபடி மூடிக்கொள்கிறது. முன்னால் சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்கு. இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர் வேறு ஆள். ஸ்ராங்கு ஒரு கயிற்றை இழுத்து மணி அடிப்பார், அந்த மணிக் கணக்கை வைத்து இன்ஜின்காரர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். துறைக்குத் துறை கயிறு வீசிக் கட்டுகிறவர் லஸ்கர். நம் டவுன் பஸ் மாதிரியேதான், ரோடு மட்டும் இல்லை. பால் கேன், கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பை, ஒரு கட்டு வாழைக்கன்று எல்லாம் ஏறி இறங்கின. ஒரு அம்மா கோழிக்குஞ்சுக் கூடையை உன் தங்கச்சி மடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பக்கத்துத் துறையில் யாரிடமோ ஒரு விஷயம் சொல்லிவிட்டு வருவதாக இறங்கிப் போனாள். அவள் வரும்வரை படகு நின்றது. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

காஞ்ஞிரம் வரை வழியில் சின்னச் சின்ன நடைபாலங்கள். படகு வருவதைப் பார்த்ததும் கரையில் இருக்கிறவர் கயிற்றை இழுக்க, பாலம் அப்படியே நிமிர்ந்து வழி விடுகிறது. நாம் கடந்ததும் மெல்லப் படுத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் சைக்கிளோடு காத்து நிற்கிறவர்கள் நமக்குக் கையசைக்கிறார்கள். உன் தங்கச்சி ஒவ்வொரு பாலத்துக்கும் எழுந்து நின்று பார்த்தாள்.

அதைத் தாண்டியதும் வாய்க்கால் விரிந்து காயல் ஆனது. மாப்ளை, இனிமேல் சொல்வதைத்தான் உனக்கு எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். இடது பக்கம் நீளமாக ஒரு கரை, அதில் தென்னை வரிசை, தென்னைக்கு நடுவே வீடுகள். கரைக்கு அந்தப் பக்கம் வயல். எழுந்து நின்று பார்த்தேன். வயல் கீழே இருக்கிறது! படகு மிதக்கிற தண்ணீர் மேலே, நெற்பயிர் கீழே. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் வயலை எட்டிப் பார்த்தேன். குட்டநாடு என்கிற இந்தப் பகுதியில் கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழ் வரைகூட நிலம் இருக்கிறது. அங்கே நெல் விளைகிறது. 2013-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், உலகத்தின் மரபு வேளாண்மை முறைகளில் ஒன்றாக இதை ஏற்றுக்கொண்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அங்கே மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார். நானும் நெல் போடுகிறவன் என்றதும் அவருக்குப் பேச்சு நிற்கவில்லை. தோட்ட வேலைக்குப் போன காலத்தில் நான் கற்ற மலையாளம் கை கொடுத்தது. மழைக்காலம் முடிகிறபோது வயல் முழுக்கக் காயலோடு காயலாக முங்கிக் கிடக்குமாம். வரப்பைப் பலப்படுத்தி, உள்ளே நிற்கிற தண்ணீரை எல்லாம் இறைத்து வெளியே காயலில் விட்ட பிறகுதான் விதைப்பு. பயிர் வளர்கிற நாலு மாசமும் கசிகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தனி ஆளால் முடியாது. ஒரே வரப்புக்குள் இருக்கிற எல்லா வயலும் சேர்ந்து ஒரு பாடசேகரம், அதற்கு ஒரு கமிட்டி, எல்லாருக்கும் ஒரே மோட்டார். அந்த மோட்டாருக்குப் பெட்டியும் பறையும் என்று பேர். மரப்பெட்டி ஒன்று, மரக்குழல் ஒன்று, உள்ளே சுழல்கிற இலை, அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஆள் ஏறி மிதிக்கிற சக்கரம் வைத்து ராத்திரி பகலாக இறைத்தார்களாம்.

நீ யோசித்துப் பார். கோடையில் அணையில் எத்தனை அடி என்று தினமும் பேப்பரைப் பார்த்து, மதகு திறக்கிற நாளுக்கு ஏங்கி, முறை வரும் ராத்திரி டார்ச்சோடு வரப்பில் காவல் கிடந்து வளர்ந்தவர்கள் நாம். தண்ணீருக்காக உங்கள் அப்பாவும் எங்கள் பெரியப்பாவும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள். இங்கே ஒரு மனுஷன் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பணம் கட்டுகிறார்! அவருக்கு நம் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “நமக்கு ரெண்டு பேருக்கும் மடை உடைஞ்சா போச்சு” என்றார். அங்கேயும் அதற்கு ‘மட’ என்றுதான் பேர். அவர்களுக்கு மடை உடைந்தால் காயல் உள்ளே வந்து ஒரே ராத்திரியில் விளைந்த பயிர் மொத்தமும் போய்விடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வீடுகளே முங்கி, இதே மாதிரிப் படகுகளில் ஏறித்தான் ஜனங்கள் ஆலப்புழைக்கும் சங்கனாசேரிக்கும் போனார்கள். அவர் குடும்பம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியதாம்.

அந்த நிலங்களுக்கு ஆர் பிளாக், சி பிளாக் என்று ஆங்கில எழுத்துப் பேர்கள். சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று மூன்றுக்கு மட்டும் திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பேர். 1940-களில் யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோய்ச் சமஸ்தானமே பட்டினி கிடந்தபோது, முரிக்கன் ஜோசப் என்பவர் இந்த மூன்றையும் காயலிலிருந்து மீட்டெடுத்தார். ஆழத்தில் தென்னங்கழியை அடித்து இறக்கி, காயலின் அடியிலிருந்து சேற்றைக் கட்டிகட்டியாக அள்ளி வந்து கரை போட்டிருக்கிறார்கள். மூச்சடக்கி முங்கி அந்தச் சேற்றை எடுத்தவர்கள் பெரும்பாலும் புலையர் சமூகத்து ஆட்கள். பெரியவர் முரிக்கன் பேரை மூன்று தடவை சொன்னார். முங்கினவர்கள் யார் பேராவது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நம் மலையில் அணை கட்டச் சுண்ணாம்பும் கல்லும் சுமந்து காய்ச்சலில் செத்தவர்கள் பேர் நமக்கும்தான் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆலப்புழையை நெருங்கும்போது புன்னமடைக் காயல். 1952-இல் நேரு கோட்டயத்திலிருந்து ஆலப்புழைக்குப் படகில்தான் போயிருக்கிறார். அவருக்காக வைத்த சுண்டன் வள்ள (நீளமான துடுப்புப் படகு) போட்டியைப் பார்த்த உற்சாகத்தில், ஜெயித்த வள்ளத்தில் தாவி ஏறிவிட்டாராம். டில்லிக்குப் போய் வெள்ளியில் ஒரு வள்ளம் செய்து அனுப்பினார். நேரு டிராபி படகுப் போட்டி அப்படித்தான் வந்தது. நாங்கள் போனபோது காயலில் ஹவுஸ்போட் கூட்டம்தான் மிஞ்சி இருந்தது. டீசல் வாடையும் மிதக்கிற பாட்டிலும் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

ஆலப்புழையில் சாப்பாடு. குத்தரிசிச் சோறு, கரிமீன் வறுவல், அப்புறம் கக்கா இறைச்சி. கக்கா என்றால் காயலின் அடியில் கிடைக்கிற சிப்பி. தேங்காய்க் கீற்றும் மிளகும் போட்டு வறுத்திருந்தார்கள். உன் தங்கச்சி முதலில் தொடவில்லை, கடைசியில் என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டாள்.

முகம்மாவுக்குப் பஸ்ஸில் அரை மணி. அங்கே துறைக்குப் பக்கத்திலேயே கக்காவை அண்டாவில் வேகவைத்து, சல்லடையில் ஆட்டிச் சதையைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பெண்கள். ஓட்டைச் சுண்ணாம்புக்குப் போடுவார்களாம். ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். முன்னைப்போல் கிடைப்பதில்லை, தண்ணீர்முக்கத்துத் தடுப்பணையை மூடினால் காயலில் உப்பு ஏறுவதில்லை, உப்பு இல்லாவிட்டால் கக்கா பெருகாது என்றாள். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம் அந்த அணை. கோடையில் கடல் உப்பு வயலுக்குள் வராமல் இருக்க 1970-களில் கட்டி முடித்தது. டிசம்பரில் மூடினால் பயிர் முடிகிறவரை திறப்பதில்லை.

காலையில் அந்தப் பெரியவர், அந்த அணையின் கதவை நேரத்துக்கு மூடாவிட்டால் எங்கள் கதை முடிந்தது என்றார். மதியம் இந்த அம்மா, அதைத் திறந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு என்கிறாள். ஆகாயத்தாமரை இப்படி மண்டுவதற்கும் உப்பு வராததுதான் காரணம், உப்பு பட்டால் கருகிவிடும். நான் நெல் போடுகிறவன், பெரியவர் பக்கம்தான் சாய்வேன் என்று நினைத்திருந்தேன். அவள் கையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. சிப்பி ஓடு அறுத்து அறுத்து விரல் எல்லாம் காய்ப்பு. விதைப்பை எல்லாரும் ஒரே காலத்தில் செய்து முடித்தால் கதவைச் சீக்கிரம் திறக்கலாம், அதுதான் நடப்பதில்லை என்று பக்கத்தில் இருந்த ஒருத்தர் சொன்னார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. நம் ஊரிலும் நாற்று விடும் தேதியில்தானே எல்லாச் சண்டையும்.

முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு முக்கால் மணிக்குள். இந்தத் தடவை வாய்க்கால் கிடையாது, நடுக்காயல். வழியில் பாதிராமணல் தீவு, மரமும் பறவையுமாக. கொஞ்ச தூரம் போனதும் கரை ஒரு பச்சைக் கோடாகிவிட்டது. காற்று அடித்தது, படகு ஆடியது, உன் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். 2002 ஜூலை 27 காலையில் இதே வழியில் ஒரு படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அதில் நிறையப் பேர் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதக் கிளம்பிய பிள்ளைகள். முன் வரிசையில் ஒரு பெண் மடியில் புத்தகத்தை விரித்துவைத்துக் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். குமரகம் வந்து அவள் இறங்கி நடக்கும்வரை நான் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கோட்டயத்துக்குப் பஸ், இருட்டிவிட்டது. படகுக்கும் பஸ்ஸுக்குமாக அந்த நாள் முழுக்க ஆன டிக்கெட் செலவு, சாப்பாட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

நீ எழுந்து நடமாடியதும் கிளம்பி வா. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் வயலில் தண்ணீர் இறைப்பதையே பார்க்கலாம். படியைப் பற்றிப் பயப்படாதே, லஸ்கர் கை கொடுத்து ஏற்றிவிடுவார், உன் மாதிரி இரண்டு பேரை அவர் அன்றைக்கே ஏற்றினார். அடுத்த தடவை வைக்கத்துக்கும் போகவேண்டும். 1924-இல் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் போராடி ஜெயிலுக்குப் போன ஊர் அது. அந்த வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 முதல் சூரிய ஒளியில் ஒரு படகு ஓடுகிறது, சத்தமே இருக்காதாம். அதை உன்னோடு போவதற்காகவே விட்டுவைத்திருக்கிறேன்.

இங்கே இரண்டாம் போக நெல் கதிர் பொதியும் பருவத்துக்கு வந்துவிட்டது. திராட்சை இந்த வருஷம் பரவாயில்லை. நான் ஊரில் இல்லாதபோது தம்பி மகன்தான் வயலைப் பார்த்துக்கொண்டான். இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு நம் மடைக்கு முறைத் தண்ணீர். மண்வெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மணி ஒன்பதரை ஆகிறது, கிளம்புகிறேன்.

உன் பழைய கூட்டாளி