கடலுக்குப் போகும் பாதையைத் திறந்துவிடுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, எங்கள் குப்பத்தை ஒட்டி எழும்பியிருக்கும் கடலோர வில்லா குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்தினருக்கும், அங்கே வீடு வாங்க முன்பணம் கட்டக் காத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

சவுக்குத் தோப்புப் பாதையில் ஆடி மாதம் நீங்கள் நட்டுவைத்த பலகையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "தனியார் கடற்கரை. குடியிருப்போருக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு, அதில் பூட்டு. ஊர்ப் பஞ்சாயத்தார் உங்கள் அலுவலகத்துக்கு வந்ததும், மனு கொடுத்ததும், மேலாளர் "பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்ததும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் மறுபடி சொல்லப்போவதில்லை. கேட்பது ஒன்றுதான். அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள்.

எங்கள் வீடுகள் சாலைக்கு மேற்கே இருக்கின்றன. படகு, வலை, ஏலம் போடும் இடம் எல்லாம் கிழக்கே மணலில். நடுவில் உங்கள் குடியிருப்பு. "மீன்பிடிக்கிறவர்கள் கடலை விட்டு இவ்வளவு தள்ளி ஏன் வீடு கட்டினார்கள்?" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். தெரியாமல் கேட்டிருப்பார், அதனால் சொல்கிறேன். நாங்களாகப் போகவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசு அரசாணை 172 போட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே நகரச் சம்மதித்தால் வீடு கட்டித் தருவோம், பழைய இடத்திலேயே இருந்துகொள்கிறோம் என்றால் அரசு உதவி கிடையாது என்றது அந்த ஆணை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் என்ன பேரம் பேசியிருக்க முடியும்? பாட்டன் காலத்து மண்ணை விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டிப் போனோம். எங்களுக்கு ஆபத்து என்று சொன்ன அதே கரையை இன்று அலைச் சத்தத்தில் கண்விழிக்கலாம் என்று விளம்பரம் போட்டு விற்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம். கடலுக்குப் போக அந்தப் பாதை இருந்தது, அதனால்.

பூட்டு விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதை என் அத்தையை வைத்துச் சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும். வெளுக்கும் முன்னே படகுகள் கரை ஏறும். மணலிலேயே ஏலம் நடக்கும். அத்தை வட்டிக்கு வாங்கிய பணத்தில் நெத்திலியோ காரப்பொடியோ ஒரு கூடை எடுப்பார். பெரிய மீனை ஏலம் கேட்க அவரிடம் முதல் கிடையாது. முன்பு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தோப்புப் பாதையில் நடந்தால், முகத்து வேர்வை காயும் முன் சாலை வந்துவிடும். பாதை முனையிலேயே ஷேர் ஆட்டோ நிற்கும். பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் கேளம்பாக்கத்தில் பாதிக் கூடை விற்றுப்போகும்.

இப்போது கூடையோடு மணலிலேயே வடக்கே நடக்க வேண்டும். அடுத்த ஊர்ப் பாதை வழியாக ஏறி, சாலையோரமாகத் திரும்பி வர வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. காலையில் கடற்கரையில் நடைப்பயிற்சி போகிற உங்களுக்கே ஈரமணல் எது, பொதிமணல் எது என்று தெரியும். வெறுங்காலோடு, தலையில் பாரத்தோடு, பொதிமணலில், அறுபதைத் தாண்டிய ஒரு பெண் நடப்பதை நினைத்துப் பாருங்கள். சாலைக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். நெத்திலிக்கும் மத்திக்கும் வெயில் ஆகாது. ஐஸ் கரைந்தால் வயிறு உடைந்துவிடும். வயிறு உடைந்த மீனைப் பாதி விலைக்குக்கூடத் தொட மாட்டார்கள். சரி, காயவைத்துக் கருவாடாக்கலாம் என்றால், உங்கள் மதில் ஓரம் மணலில் காயப்போட்டதை வாடை வருகிறது என்று வாரிக் கொட்டினார்கள். வட்டிக்காரர் மட்டும் சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார்.

கதவு வழியாக விடச் சொல்லி அத்தை கேட்டுத்தான் பார்த்தார். காவலுக்கு நிற்கும் வடநாட்டுப் பையன் ஒரு பதிவேட்டை நீட்டினான். பெயர், கைபேசி எண், எந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று மூன்று கட்டம். "கடலுக்கு வந்திருக்கேன்னு எழுதிக்கோப்பா" என்றாராம். அப்படி எழுத அவனுக்கு அனுமதி இல்லை. அந்தப் பையன் மேல் எங்களுக்கு வருத்தம் கிடையாது, அவனும் பிழைக்க வந்தவன். உங்களில் சிலருடைய வீட்டு அடுப்பில் ஏறும் மீன் அத்தை கொடுத்ததுதான். முன்வாசலில் விலை பேசி வாங்குகிறீர்கள். பின்வாசலில் அதே கூடை நாறுகிறது என்று கதவைச் சாத்துகிறீர்கள். இது நியாயமா என்று உங்களிடமே கேட்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2011 ஜனவரி 6 அன்று மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் கடற்கரை விடுதிகளுக்கென்று ஒரு பின்னிணைப்பு உண்டு. தனியார் இடத்தைச் சுற்றி வேலி போடலாம், ஆனால் பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதை அது எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. மணல்மேட்டைத் தட்டையாக்கக் கூடாது என்கிறது. அடுத்தடுத்த இரண்டு விடுதிகளுக்கு நடுவே 20 மீட்டர் அகலத்துக்கு மக்கள் கடலுக்குப் போக வழி விட வேண்டும் என்கிறது. எங்களுடையது விடுதி இல்லை, குடியிருப்பு என்று உங்கள் வழக்கறிஞர் பதில் எழுதியிருக்கிறார். விற்பனைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே 'ரிசார்ட் வாழ்க்கை' என்று அச்சடித்திருக்கிறீர்கள். வாங்க வருகிறவரிடம் ரிசார்ட் என்றும் வழி கேட்கிறவரிடம் குடியிருப்பு என்றும் சொல்வது எப்படிப் பொருந்தும்?

அந்த அறிவிக்கையை விட்டுவிட்டாலும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வழியை 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு பயன்படுத்தி வந்தால், அது அடுத்தவர் பட்டா நிலத்தில் போனாலும் அதில் நடக்கும் உரிமை உண்டு என்கிறது அதன் 15ஆம் பிரிவு. உங்கள் மனைப்பிரிவுக்கு வரைபடம் போடுவதற்கு எத்தனையோ காலம் முன்பே என் பாட்டி அந்தப் பாதையில் கூடை சுமந்திருக்கிறார். பலகையில் உள்ள 'தனியார் கடற்கரை' என்ற சொல்லுக்கோ எந்த ஆதாரமும் கிடையாது. அலை வந்து போகும் மணல் யாருடைய பத்திரத்திலும் ஏறாது. கடற்கரை போன்ற இயற்கை வளங்களை மக்களுக்காக அரசு அறங்காவலராக இருந்து காக்கிறது, அவற்றைத் தனியார் சொத்தாக மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் சொல்லி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இங்கே வீடு வாங்க நினைப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். நீங்கள் கட்டுவது கோடிக்கணக்கில். வாழ்நாள் உழைப்பாக இருக்கலாம், வெளிநாட்டில் இருந்து சேர்த்ததாக இருக்கலாம். உங்கள் மேல் எங்களுக்குப் பகை இல்லை. பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். நில அளவைக் காட்டும் புலப்பட நகலை வாங்கி, அதில் புள்ளிக்கோடாகப் பாதை ஏதாவது போகிறதா என்று பாருங்கள். கடல் ஏறும்போது அலை எட்டும் உயர் அலைக் கோடு எங்கே விழுகிறது, உங்கள் வில்லா அதிலிருந்து எத்தனை மீட்டர், கடலோர மண்டல அனுமதி எந்தத் தேதியில் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் கடற்கரை உண்டு என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டால், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது.

கேரளத்தில் நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். கொச்சி மரடில் காயலோரம் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்கச் சொல்லி 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவற்றை வெடிவைத்துத் தகர்த்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கே வீடு வாங்கியவர்களும் விற்றவர் சொல்லை நம்பியவர்கள்தான். வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்துத் தீவில் 54 சொகுசு வில்லாக்கள் எழும்பியபோது, வலை கட்டிப் பிழைத்த மீனவர்கள்தான் நீதிமன்றம் போனார்கள். 2013இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். உங்கள் வீடு இடிய வேண்டும் என்று நாங்கள் யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒரு வீடு இடிவதைப் பார்த்தவர்கள் நாங்கள். மீனவனுடைய வழக்கு நிற்காது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது சரியில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கடற்கரை எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்றார்கள், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் இன்னும் 15 கோடி லிட்டர். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் சாலை அகலமாகும்போதும், விடுதி வரும்போதும், கேளிக்கைப் பூங்கா வரும்போதும், கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்வது எங்களிடம் மட்டும்தான். எங்கள் ஊரில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மணல்மேடு மழையைப் பிடித்துவைத்துத் தரும் தண்ணீர் அது. அடும்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருந்த அந்த மேட்டை, கீழ்த்தளத்திலிருந்து கடல் தெரிய வேண்டும் என்று சமமாக்கிவிட்டார்கள். புல்தரைக்கும் நீச்சல் குளத்துக்கும் ஆழ்துளைக் கிணறு ஓடுகிறது. ஊற்று கரித்துவிட்டது. நல்ல தண்ணீர் கரித்தால் உங்கள் குழாயிலும் அதுதான் வரும். மாசியில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் உங்கள் விளக்கைக் கடல் என்று நினைத்து மதில் பக்கம் ஊர்கின்றன. எங்கள் பையன்கள் கூடையில் பொறுக்கிக் கொண்டுபோய் அலையில் விடுகிறார்கள். இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. இந்த மடல் அதற்காக எழுதியது இல்லை. பாதையைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

திருட்டு பயம் என்கிறீர்கள். பெண்கள் உலாவும் இடம் என்கிறீர்கள். குப்பை சேர்கிறது என்கிறீர்கள். பாதையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு வேலி போட்டுக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டோம். விளக்குப் போட்டுக் கேமரா வையுங்கள். பாதையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழு ஏற்றுக்கொள்கிறது, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். சுனாமி மாதிரி இன்னொரு நாள் வந்தால் கரையில் நிற்கும் எங்கள் ஆட்களும், மணலில் விளையாடும் உங்கள் பிள்ளைகளும் மேற்கே ஓடுவதற்கு இருப்பதும் அந்த ஒரு வழிதான். அதைப் பூட்டி வைப்பது உங்களுக்கும் நல்லதில்லை.

ஐப்பசி பிறந்தால் வாடைக் காற்று எழும்பிவிடும். கடல் கரையைத் தின்னும். உங்கள் மதிலின் அடி வரைக்கும் அலை ஏறும். அப்போது அத்தையும் மற்றவர்களும் இப்போது சுற்றிப் போகும் மணல்வழிகூட இருக்காது. அதற்கு முன்பாகப் பூட்டை எடுத்துவிடுங்கள், பலகையையும் இறக்கிவிடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கங்கையம்மன் கோயில் முன் ஊர்க் கூட்டம் கூடுகிறது. சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் வந்தால் போதும், மரியாதையோடு உட்காரவைத்துப் பேசுவோம். வர முடியாவிட்டால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஐப்பசி முதல் தேதி வரைக்கும் பதில் வராவிட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோர மண்டலக் குழுவிடம் புகார் கொடுப்பது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. அந்தக் குழுவில் மீனவர்களுக்கும் இடம் உண்டு. அங்கே போகாமல் உங்களோடு பேசியே முடித்துக்கொள்ளத்தான் விரும்புகிறோம்.

தயவுசெய்து பாதையைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சாலைக்கு மேற்கே குடியிருக்கும்
உங்கள் பக்கத்து ஊர்க்காரி